பாதுகாப்புப் பயிற்சியில் 19 மார்க் எடுத்தவர் ஏன் ஓடும் மெஷினில் கை வைத்தார்?

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் நான்கு மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறோம். படங்கள், வீடியோ, கடைசியில் 20 மார்க் தேர்வு, கையெழுத்து. அடுத்த இரண்டு வாரம் எல்லோரும் கண்ணாடி, காது அடைப்பான் எல்லாம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். போன மாதம் ஒரு இளைஞர், ரோலரில் சிக்கிய அட்டையை மெஷினை நிறுத்தாமலே கையால் இழுத்தார். ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. பயிற்சித் தேர்வில் 20-க்கு 19 எடுத்தவர் அவர். ஜாம் எடுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குச் சரியாகவே பதில் எழுதியிருக்கிறார். ஒரு ஷிஃப்டில் ஐந்தாறு தடவை ஜாம் ஆகும். முறைப்படி நிறுத்தி, பூட்டு போட்டு, எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட 12 நிமிடம் பிடிக்கும். எங்கள் மேலாளர், "மீறுகிறவனுக்குச் சம்பளத்தில் பிடி, விபத்தில்லாத மாதத்துக்குப் பரிசு கொடு" என்கிறார். பயிற்சியால் உண்மையிலேயே ஆட்களின் நடத்தை மாறுமா? இல்லை, வருடா வருடம் சடங்குக்காக நடத்திக்கொண்டிருக்கிறோமா?

பதில்:

அன்புள்ள பாதுகாப்பு அலுவலருக்கு,

மாறும். பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் வேலை செய்யும் விதம் மாறுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லின்டா ராப்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்றில், முறையாக நடத்தப்பட்ட 22 சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பிறகு நடத்தை மேம்படுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. ஆனால் பயிற்சியை மட்டும் கொடுத்துக் காயங்களும் நோய்களும் குறைந்தன என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. இரண்டு முடிவுகளையும் சேர்த்தே படியுங்கள். உங்கள் தொழிற்சாலையில் நடந்திருப்பதும் ஏறக்குறைய இதுதான்.

உங்கள் ஆட்கள் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைத் தோல்வியாகப் பார்க்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சொல்லிக் கொடுத்தது மண்டையில் ஏறியிருக்கிறது, செய்து பார்க்கவும் மனம் இருந்திருக்கிறது, இரண்டு வாரம் செய்தும் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் மூன்றாவது வாரம் என்ன நடந்தது என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம். என் அனுபவத்தில் அதற்கான விடை வகுப்பறையில் கிடைத்ததே இல்லை, மெஷின் பக்கத்தில்தான் கிடைத்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: முறைப்படி ஜாம் எடுக்க 12 நிமிடம், ஒரு ஷிஃப்டில் ஐந்தாறு ஜாம். அந்த இடத்தில் நிறுத்திக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு ஜாம் என்றால் 72 நிமிடம். எட்டு மணி நேர ஷிஃப்டில் 480 நிமிடம்தான் இருக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு நேரம், அந்த ஆபரேட்டர் விதியை மதித்தால் மட்டுமே காணாமல் போகும் நேரம். இந்த 72 நிமிடத்தைக் கழித்துவிட்டா அவருக்கு அன்றைய உற்பத்தி இலக்கைக் கொடுக்கிறீர்கள்? பெரும்பாலான இடங்களில் கழிப்பதில்லை. கழிக்காவிட்டால், விதிப்புத்தகம் ஒன்று சொல்கிறது, இலக்குப் பலகை வேறொன்று சொல்கிறது. இரண்டில் எதற்குத் தினமும் கேள்வி கேட்கிறார்களோ அதற்குத்தான் மனிதர்கள் கட்டுப்படுவார்கள்.

அந்த 12 நிமிடம் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பல தொழிற்சாலைகளில் நான் பார்த்தது இப்படி இருக்கும். ஸ்டாப் பட்டனை அழுத்த வேண்டும். ரோலர் உடனே நிற்காது, சுற்றிச் சுற்றி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மெஷினுக்கு வரும் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் இருக்கும் பேனல் வேறு ஒரு மூலையில் இருக்கும், அங்கே நடக்க வேண்டும். பூட்டு ஆபரேட்டரிடம் இருக்காது, சூப்பர்வைசர் மேஜை டிராயரில் இருக்கும். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூமில் இருப்பார், அவரைத் தேட வேண்டும். சுவிட்சை இறக்கி, வேறு யாரும் அதைத் திரும்பப் போட்டுவிடாதபடி பூட்டு போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டி, திரும்ப வந்து ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்து, மின்சாரம் உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்த பிறகுதான் சிக்கிய அட்டையில் கை வைக்கலாம். எடுத்து முடித்ததும் இதே வழியில் மறுபடியும் ஒரு நடை. இதில் அட்டையை எடுக்கும் வேலை அரை நிமிடம்கூட இருக்காது. மிச்சம் எல்லாம் நடையும் தேடலும் காத்திருப்பும்தான்.

கையை விட்டு இழுத்தால் எட்டு, பத்து விநாடி. மெஷினும் நிற்காது, யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

இப்போது அந்த இளைஞரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஷிஃப்டுக்கு ஐந்து ஜாம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், வருடத்தில் 300 நாள் வேலைக்கு 1,500 தடவை. அதில் பெரும்பாலான தடவை கையை விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் நேரம் மிச்சமானது. "சீக்கிரம் எடுத்துட்டியே" என்று யாராவது ஒருமுறை பாராட்டியும் இருக்கலாம். நீங்கள் நான்கு மணி நேரம் கற்பித்ததற்கு எதிரான பாடத்தை அந்த மெஷின் அவருக்கு வருடம் முழுக்க நடத்தியிருக்கிறது, அதுவும் கைமேல் பலனோடு. ஆபத்து இல்லை என்று அவர் நினைத்ததில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. அவர் கண்ணால் கண்ட அனுபவம் அதைத்தான் சொன்னது. விரலை எடுத்த அந்த ஒரு தடவை மற்ற தடவைகளைப் போலவேதான் ஆரம்பித்திருக்கும்.

19 மார்க் ஏன் உதவவில்லை என்பதும் இங்கேயே புரிந்துவிடும். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் மனிதத் தவறுகளை வகை பிரித்துக் காட்டினார். கவனம் சிதறிக் கை தவறுவது ஒன்று, மறந்துவிடுவது ஒன்று, சரி என்று நம்பித் தப்பாகச் செய்வது ஒன்று. இவை எதிலும் சேராதது, தெரிந்தே விதியை மீறுவது. தேர்வு அளப்பது அறிவை. அறிவு குறைந்த இடத்தில் பயிற்சி நன்றாகவே வேலை செய்யும். தெரிந்தே மீறும் இடத்தில், இன்னொரு வகுப்பு எடுத்தால் அதே விடையை இன்னும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளை வகுத்தார்: வகுப்பு பிடித்ததா, கற்றார்களா, வேலையிடத்தில் நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா. உங்கள் தொழிற்சாலை இரண்டாவது படியில் கையெழுத்து வாங்கிக் கோப்பை மூடிவிடுகிறது. மூன்றாவது படியைப் பார்க்க வேண்டுமானால் கோப்போடு ஷெட்டுக்குள் போக வேண்டும்.

உங்கள் மேலாளரின் கருத்து புதிதல்ல, பிறந்து 90 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற காப்பீட்டு நிறுவன அதிகாரி 1931-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்: தொழிற்சாலை விபத்துகளில் 88 சதவீதம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால், 10 சதவீதம் பாதுகாப்பற்ற சூழலால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்று. அவர் கையில் இருந்தவை காப்பீட்டுக் கோப்புகளும் தொழிற்சாலைகள் கொடுத்த விபத்து அறிக்கைகளும். விபத்துக்குக் காரணம் எழுதச் சொன்னால் ஒரு மேற்பார்வையாளர் யார் மேல் எழுதுவார்? பின்னால் வந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைக் கடுமையாக விமர்சித்துவிட்டார்கள். ஆனால் "எல்லாம் ஆட்களின் அலட்சியம்" என்ற எண்ணம் மட்டும் இன்னும் பல அலுவலக அறைகளில் குடியிருக்கிறது. உங்கள் விபத்து அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்திருந்தால், தயவுசெய்து அதைத் திரும்பத் திறங்கள். பேனல் எத்தனை அடி தூரத்தில் இருந்தது, பூட்டு யாரிடம் இருந்தது, அன்று எத்தனை ஜாம் ஆனது, இலக்கில் எவ்வளவு பின்தங்கியிருந்தார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.

சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றி என் கருத்து உறுதியானது: செய்யாதீர்கள். பிடித்தம் வந்த அன்றிலிருந்து கையை விடுவது நிற்காது, சூப்பர்வைசர் இருக்கும்போது கையை விடுவதுதான் நிற்கும். சின்னக் காயங்களை வீட்டில் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் உங்கள் காதுக்கே வராது. அடுத்த பெரிய விபத்துக்கு முன் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய எச்சரிக்கை அவை மட்டும்தான். அதை அபராதத்தால் மூடிவிட்டால் பிறகு இருட்டில்தான் நடப்பீர்கள். விபத்தில்லாத மாதத்துக்குப் பரிசு கொடுத்தாலும் இதே கதைதான், கூடவே இன்னொரு கெடுதலும் சேரும்: காயத்தைச் சொன்ன ஒருவரால் மற்ற எல்லோருக்கும் பரிசு போய்விடும். நண்பர்களுக்காகவாவது வாயை மூடிக்கொள்ளத் தோன்றும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 15 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். வேலைநேரத்தை இழக்க வைக்கும் காயம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு மாதம் கழிந்ததைக் கொண்டாடும் மதிய விருந்து அன்றுதான் அங்கே நடந்திருந்தது. பின்னர் விசாரித்த குழு, தனிநபர் காயக் கணக்கை வைத்துக்கொண்டு ஆலையே பாதுகாப்பாக இருப்பதாக நிர்வாகம் நம்பிவிட்டதைச் சுட்டிக்காட்டியது. சுழியம் என்று காட்டும் பலகை எதையும் நிரூபிப்பதில்லை.

சரி, பரிசும் வேண்டாம், பிடித்தமும் வேண்டாம் என்றால் நடத்தை எதனால் மாறும்?

1978-இல் ஜூடி கோமாகியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது, உங்களுக்கும் உதவும். ஒரு உணவுத் தொழிற்சாலையின் இரண்டு பிரிவுகளில், எது பாதுகாப்பான செயல், எது இல்லை என்று முதலில் ஆட்களுக்குப் படம் போட்டுத் தெளிவாகக் காட்டினார்கள். பிறகு பார்வையாளர் ஒருவர் வந்து, பாதுகாப்பாகச் செய்யப்பட்ட வேலைகள் எத்தனை சதவீதம் என்று குறித்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வரைபடமாகத் தொங்கவிட்டார். யார் பெயரும் இல்லை, பிரிவின் அளவு மட்டும். சூப்பர்வைசர்கள் சரியாகச் செய்பவர்களைப் பார்த்து அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பிரிவில் 70 சதவீதத்திலிருந்து 96-க்கும், மற்றதில் 78-லிருந்து 99-க்கும் ஏறியது. அப்புறம் வேண்டுமென்றே வரைபடத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. கற்றது எதுவும் ஆட்களுக்கு மறந்துபோகவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்றானதும் கை பழைய வழிக்குப் போய்விட்டது. உங்களுடைய மூன்றாவது வாரம் இதுவேதான்.

ஆகவே அடுத்த பயிற்சிக்கு ஆட்களை உட்கார வைப்பதற்கு முன் சூப்பர்வைசர்களை உட்கார வையுங்கள். இதை நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். டவ் ஸோஹர் என்ற ஆய்வாளர் 1980-இல் 20 தொழிற்சாலைகளில் கேட்டுப் பார்த்தபோது, நிர்வாகத்துக்குப் பாதுகாப்பில் உண்மையிலேயே அக்கறை இருக்கிறதா என்று தொழிலாளர்கள் எப்படிக் கணிக்கிறார்கள் என்பதே பெரிய விஷயமாக வந்து நின்றது. பின்னாளில் 2002-இல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், தொழிலாளர்களுக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. சூப்பர்வைசர்கள் தங்கள் ஆட்களோடு பேசுவதில் எவ்வளவு பங்கு பாதுகாப்பைப் பற்றி இருந்தது என்று ஆட்களிடமே கேட்டு, வாராவாரம் அந்தச் சூப்பர்வைசர்களுக்குத் தெரியப்படுத்தினார்கள், அவ்வளவுதான். சின்னக் காயங்கள் குறைந்தன, காது அடைப்பான் போடுவது கூடியது.

அதற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. ஒரு ஆபரேட்டர் பயிற்சியில் சொன்னபடி மெஷினை நிறுத்துகிறார் என்று வையுங்கள். தூரத்திலிருந்து சூப்பர்வைசர் வருகிறார். அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "என்னப்பா, ஏன் நின்னுடுச்சு?" என்றால், உங்கள் நான்கு மணி நேரமும் அந்த இடத்தில் அழிந்துவிட்டது. "பூட்டு போட்டியா? சரி, மெதுவா எடு" என்றால் அடுத்த தடவையும் நிறுத்துவார். திட்டக்கூட வேண்டாம், கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும், சுற்றியிருக்கும் பத்துப் பேரும் அதைப் படித்துவிடுவார்கள். ஆனால் சூப்பர்வைசரைக் குறை சொல்வதும் நியாயமாகாது. அவரை மேலே இருந்து மணிக்கொரு தரம் "எத்தனை அடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவரும் வேறு எதைக் கேட்பார்? உங்கள் மேலாளர் தினசரிக் கூட்டத்தில் உற்பத்தி எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், "நேற்று எத்தனை ஜாம், அதில் எத்தனை பூட்டு போட்டு எடுத்தது?" என்று கேட்க ஆரம்பித்தால், ஒரே வாரத்தில் அது கீழ்வரை இறங்கும்.

பயிற்சி முறைக்கு வருகிறேன். மைக்கேல் பர்க்கும் மற்ற ஆய்வாளர்களும் 2006-இல் 95 ஆய்வுகளை, ஏறத்தாழ 21,000 பேர் பங்கெடுத்தவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை, வீடியோ, துண்டறிக்கை என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பயிற்சியைவிட, செய்து காட்டி, செய்ய வைத்து, பேச வைத்துத் தரும் பயிற்சியில் கற்றல் சுமார் மூன்று மடங்கு அதிகம். உங்கள் நான்கு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஆட்கள் கையில் பூட்டு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். மெஷின் நிறுத்தியிருக்கும்போது அதன் பக்கத்திலேயே நாலைந்து பேரை நிறுத்தி, ஒவ்வொருவரும் தன் கையால் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டி, ஸ்டார்ட் அழுத்திப் பார்த்து, ஒரு அட்டையை எடுத்துக் காட்டட்டும். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். பூட்டே பூட்டவில்லை, சுவிட்சின் கைப்பிடி இறுகிக் கிடக்கிறது, சாவி வேறு பூட்டுடையது என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். எந்த வினாத்தாளும் இதைக் காட்டாது.

ரோலர் ஆபத்தைப் புரியவைக்க ஒரு கணக்கு இருக்கிறது, பயன்படுத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஒரு மீட்டர். விரல் மாட்டியதை உணர்ந்து, கையை இழுக்க வேண்டும் என்று மூளை முடிவெடுத்து, தசை அசையக் குறைந்தது 0.2 விநாடியாவது ஆகும். அந்த நேரத்தில் ரோலர் 20 சென்டிமீட்டர் இழுத்துவிடும். இப்போது ஒவ்வொருவரும் தன் நடுவிரல் நுனியில் அளவுகோலை வைத்து 20 சென்டிமீட்டர் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டைத் தாண்டியிருக்கும். "மாட்டினால் சட்டென்று இழுத்துக்கொள்வேன்" என்று எண்ணாதவர் யாரும் இல்லை. அந்த எண்ணத்தை ரத்தம் காட்டும் வீடியோவால் உடைக்க முடியாது, ஏனென்றால் "அவன் மெதுவான ஆள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தன் கையில் வைத்த அளவுகோலிடம் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் மெஷினின் உண்மையான வேகத்தைப் போட்டு இதைச் செய்யுங்கள்.

நான்கு மணி நேரத்தை ஒரே மூச்சில் கொட்டுவதையும் விடுங்கள். கற்றது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே அளந்து காட்டிவிட்டார். முதல் சில நாளிலேயே பெரும்பகுதி போய்விடும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தங்கும். நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். மாதத்துக்கு 20 நிமிடமாகப் பிரித்தால் பன்னிரண்டு மாதமும் வரும், ஒரு பைசா கூடுதல் செலவில்லை. ஒரு மாதத்துக்கு ஒரே விஷயம், அதுவும் அந்தப் பிரிவின் மெஷின் பக்கத்தில்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் மாதம் ஒருமுறை போதாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவருக்குக் காயம் ஏற்படும் ஆபத்து, ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவரைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கனடாவின் பணி, உடல்நல ஆய்வு நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. புதியவர் உங்கள் வகுப்பில் கேட்டதைவிட, பக்கத்தில் நிற்கும் சீனியர் ஆபரேட்டர் செய்வதைத்தான் கற்றுக்கொள்வார். சீனியர் கையை விட்டால் இவரும் விடுவார், இன்னும் வேகமாக. எனவே புதியவரை யாரிடம் விடுகிறீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், காலியாக இருப்பவரிடம் தள்ளிவிடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் ராத்திரி ஷிஃப்டும் இதில் விடுபடக்கூடாது. ராத்திரியில் எல்லாம் வேறு மாதிரி நடக்கும் என்பதை நீங்கள் ஒருமுறை அங்கே போய் நின்றாலே பார்த்துவிடலாம்.

கண்ணாடியும் காது அடைப்பானும் கழன்றுபோவது சற்று வேறு பிரச்சினை. விரல் போவது ஒரு நொடியில் தெரியும், காது கேட்காமல் போவது பல வருடம் கழித்துத்தான் தெரியும். எட்டு மணி நேரம் 85 டெசிபெல் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அன்றைக்கு எந்த வலியும் இல்லை. போட்டதால் கிடைத்த லாபம் கண்ணில் படாது, போடும் தொல்லை மட்டும் உடனே தெரியும். அதனால் ஏன் கழற்றுகிறீர்கள் என்று கோபமில்லாமல் கேளுங்கள். அனுபவமுள்ள ஆபரேட்டர் மெஷினின் சத்தத்தை வைத்தே பெல்ட் தளர்ந்ததையும் பேரிங் போனதையும் கண்டுபிடிக்கிறவர். காதை முழுக்க அடைத்தால் அவருக்குக் கண்ணைக் கட்டினமாதிரி இருக்கும். அளவோடு அடைக்கும் வகை அவருக்குப் பொருத்தமாக இருக்கலாம். கண்ணாடி ஆவி படிந்து மங்குகிறது என்றால், ஆவி படியாத கண்ணாடி வாங்குவதுதான் அதற்கான பயிற்சி. இரண்டு மூன்று வகை கொண்டுவந்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஏன் இத்தனை ஜாம் ஆகிறது என்று யாராவது கேட்டார்களா? பாதுகாப்புத் துறையில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்று வழி தேடு, அதுவும் முடியாவிட்டால் இயந்திரத் தடுப்பு வை, அப்புறம் விதியும் பயிற்சியும், கடைசியாகக் கையுறை, கண்ணாடி. பயிற்சியின் இடம் அந்த வரிசையில் கீழே இருந்து இரண்டாவது. நாம்தான் அதை முதலில் தொடங்கிவிட்டு மேலே இருப்பவற்றைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். அட்டையின் இரு பக்கமும் ஈரப்பதம் சமமாக இல்லாவிட்டால் ஷீட் வளையும், வளைந்த ஷீட், அதை மெஷினுக்குள் தள்ளும் ஃபீடரில் சிக்கும். மெயின்டனன்ஸ் ஆட்களையும் தரக்கட்டுப்பாட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஜாமும் எந்த இடத்தில், எந்தச் சரக்கில், எந்த நேரத்தில் வருகிறது என்று இரண்டு வாரம் குறியுங்கள். ஆறு ஜாம் இரண்டாகக் குறைந்தால், கை உள்ளே போகும் வாய்ப்பும் மூன்றில் ஒன்றாகிவிடும், எந்தச் சொற்பொழிவும் இல்லாமல். ரோலருக்கு மேல் திறந்தால் மெஷின் தானே நிற்கிற இன்டர்லாக் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்து, அதை யாராவது கம்பி வைத்துக் கட்டிவிட்டிருந்தால், கட்டியவரைத் தேடுவதற்கு முன் எந்த வேலைக்காகக் கட்டினார்கள் என்று கேளுங்கள். அங்கே இன்னொரு 12 நிமிடம் ஒளிந்திருக்கும்.

மேலாளரிடம் இதை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் உங்களுக்கு இருக்கும் கஷ்டம் என்று நினைக்கிறேன். அவரிடம் ஆய்வுகளைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு ஷிஃப்டில் அவரை அந்த மெஷின் பக்கத்துக்கு அழைத்துப் போங்கள். ஜாம் ஆனதும் அவரையே முறைப்படி செய்யச் சொல்லுங்கள். பேனலுக்கு நடக்கட்டும், பூட்டைத் தேடட்டும், திரும்பி வரட்டும். நீங்கள் பக்கத்தில் கடிகாரத்தோடு நில்லுங்கள். முடிந்ததும் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் இடுப்பில் தொங்கும் சொந்தப் பூட்டும் சாவியும், மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு ஐசொலேட்டர், ஜாம் எடுக்கும் நேரத்தைக் கழித்துப் போட்ட இலக்கு. முதலாவதை இந்த வாரமே செய்துவிடலாம். இரண்டாவதற்கு எலக்ட்ரீஷியனும் ஒரு விடுமுறை நாளும் வேண்டும். மூன்றாவதற்குத்தான் அவர் முகம் சுளிப்பார். அப்போது அந்த மெஷின் இப்போது உண்மையில் ஒரு நாளில் எவ்வளவு ஓடுகிறது, விபத்து நடந்த நாளிலும் அடுத்த நாட்களிலும் எத்தனை மணி நேரம் நின்றது என்ற கணக்கை அவர் முன் வையுங்கள். பரிசுக்கென்று ஒதுக்க நினைத்த பணம் இருந்தால், பூட்டுகளுக்கு அதிலேயே கேளுங்கள்.